பாஸ் ஆன பீஸ்

இருபத்திரண்டு வருடமாகத் திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புப் பொருளியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ என்று ஒரு பாடம் உண்டு. வருடா வருடம் அதை நடத்தியும் எனக்கே அது சரியாகப் பிடிபடாமல் இருந்தது என்பதை இப்போது கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். 2025 செப்டம்பரில் வந்த நான்கு மணி நேர இணையவழிப் பயிற்சி அந்த அறியாமையை அடியோடு போக்கிவிட்டது. அதில் சொல்லப்பட்ட விஷயங்களால் அல்ல, அது நடத்தப்பட்ட விதத்தால். உலகமயமாதலை இவ்வளவு கச்சிதமாகச் செய்து காட்டிய பாடத்தை நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பயிற்சியைத் தயாரித்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவும் பாடத்தின் பகுதிதான். சட்டையைத் தைப்பவருக்கு அதைப் போடுபவரைத் தெரியவா போகிறது?

அறிவிப்பு இரவு 9:47-க்கு வாட்ஸப் குழுவில் வந்தது. ‘உயர்நிலைப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியர்கள் அனைவரும் நாளை மறுநாள் மாலை 5 மணிக்குள் 100% நிறைவு செய்திருக்க வேண்டும். நிறைவு செய்யாதவர் விவரம் தனிப்பட்டியலாக அனுப்பப்படும்.’ என்ன பயிற்சி என்பது அடுத்த செய்தியில். லிங்க் அதற்கும் அடுத்த செய்தியில், மறுநாள் காலையில். அடுத்த நொடியே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். எங்கள் ஊரில் வெளிநாட்டு ஆர்டர் இப்படித்தான் வரும். முதலில் ஷிப்மெண்ட் தேதி, அப்புறம்தான் துணி என்ன, நிறம் என்ன என்கிற பேச்சு. லிங்க் வருவதற்கு முன்பே நான் முதல் அத்தியாயத்தைக் கற்றுவிட்டேன்.

இதற்கு முந்தைய காலத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போதெல்லாம் பயிற்சி என்றால் நேரில் போக வேண்டும். வட்டார வள மையத்தின் கூடத்தில், மின்விசிறி ஓடும் இடமாகப் பார்த்துப் பாயை விரித்தோ, கால் ஆடும் நாற்காலியிலோ உட்கார வேண்டும். பதினோரு மணிக்கு டீ, மதியம் புளிசாதம். பக்கத்துப் பள்ளி ஆசிரியருடன் சம்பளக் கமிஷன், மகள் கல்யாணம், மாறுதல் கலந்தாய்வு என்று ஊர்க்கதை. எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் வீண்! அப்படி வீணான ஒரு நாளில், காங்கேயம் பக்கத்து மூத்த ஆசிரியர் ஒருவர் தன் அப்பாவின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, வீட்டுக்கு மண்ணெண்ணெய், கோயில் வரி என்று 1974-ஆம் வருடச் செலவு முழுக்க அதில் இருந்தது. அதே பொருள்களுக்கு இன்றைய விலையை எங்களையே எழுதச் சொன்னார். விலைவாசிக் குறியீட்டெண் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அதை எங்கள் கையாலேயே கணக்குப் போட வைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் ஒருவர்கூடத் தூங்கவில்லை என்பது மையத்தின் வரலாற்றிலேயே நடக்காத ஒழுங்கீனம். அதற்குச் சான்றிதழ் எதுவும் தரப்படவில்லை. எனவே அன்று நான் எதையும் கற்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இன்றுவரை பணவீக்கத்தை அந்த நோட்டு வழியிலேயே நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றால் நான் எவ்வளவு பின்தங்கியவன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

புதிய பயிற்சியில் புளிசாதம் இல்லை, பயணப்படி இல்லை, கூடத்துக்கு வாடகை இல்லை. போன் என்னுடையது. மாதாந்திர ரீசார்ஜ் என்னுடையது. நேரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு மிஞ்சும் என்னுடைய இரவு. திருப்பூரில் ‘பவர் டேபிள்’ என்று ஒரு தொழில் உண்டு. ஏற்றுமதிக் கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும். மெஷின், மின்சாரம், ஆள், இடம் எல்லாம் ஜாப் ஒர்க் எடுப்பவருடையது. பீஸ் கணக்குக்குக் கூலி. லேபிளில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். ‘புறத்திறனீட்டல்’ என்று பாடப் புத்தகங்களில் வரும் சொல்லை விளக்க நான் எத்தனையோ வருடம் மூச்சைப் பிடித்துப் பேசியிருக்கிறேன். பயிற்சியோ என்னையே பவர் டேபிளாக மாற்றி, ஒரே இரவில் விளக்கிவிட்டது. ஒரு சின்ன வித்தியாசம், பவர் டேபிள்காரருக்குச் சனிக்கிழமை கூலி உண்டு.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. எங்கள் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனாலும் மணிக்கணக்கு என்கிற காற்று எல்லை பார்த்தா வீசும்? கற்றலை மணியால் அளக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீடியோவை வேகமாக ஓட்டிவிட முடியாதபடி செயலியில் பூட்டுப் போட்டிருந்தார்கள். கட்டாயம் முழுக்க ஓட வேண்டும். பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த நுட்பமான சுதந்திரத்தை நாங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். என் நண்பர் ஒருவர் மைத்துனர் வீட்டுச் சீருக்குப் போன இடத்தில், சட்டைப்பையில் போனை வைத்தபடியே சர்வதேச நிதி நிறுவனங்களைப் பற்றிய பகுதியை நிறைவு செய்தார். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், வயிற்றுக்குள்ளிருந்து யாரோ அந்நியச் செலாவணி பற்றிப் பேசுவதாக நினைத்துப் பயந்துவிட்டாராம். என் வீட்டில் அடுப்பு மேடையில் சாய்த்து வைத்த போன், மூன்றாம் விசில் வரும்வரை குக்கருக்குப் பன்னாட்டு நிறுவனங்களின் சாதக பாதகங்களை எடுத்துச் சொன்னது. குக்கர் பாதகங்கள் வந்தபோது மட்டும் சீறியது.

உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்சாதன அறையில், பின்னால் பூமி உருண்டை சுழல, ஒருவர் பேசினார். கண்கள் எதிரில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் தலை மட்டும் லேசாக இடவலமாக அசைந்தது. 1817-ல் டேவிட் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை இரண்டே நிமிடத்தில் முடித்தார். இங்கிலாந்தில் துணிக்கு 100 ஆள், மதுவுக்கு 120 ஆள். போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டையும் போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்துவிடும் என்றாலும், அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்து பரிமாறிக்கொண்டால் இருவருக்கும் லாபம். அழகான கணக்கு. போன வருடம் இதைக் கரும்பலகையில் போட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “ஏனுங்க சார், துணி அவுங்களுக்குத்தான் லாபம்னா, இப்ப எதுக்குங்க நம்மள தைக்கச் சொல்றாங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு பீரியட் ஓடிவிட்டது. காலனி, மான்செஸ்டர், கூலி வித்தியாசம், இங்கிலாந்தின் நெசவாலைகள் மூடிய கதை என்று எங்கெங்கோ போய்விட்டோம். பயிற்சியில் கடைசி பெஞ்ச் கிடையாது. அதனால்தான் ரிக்கார்டோ இரண்டு நிமிடத்தில் முடிகிறார்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டில் விற்கும் விலைக்கும் கீழே பொருளைக் கொண்டுவந்து சந்தையில் இறக்கி உள்ளூர்க்காரரை ஒழிப்பதை ‘டம்பிங்’ என்பார்கள். பொருள் குவிப்பு என்று நாம் எழுதுவோம். பயிற்சியின் எழுத்து வரிகளில் அது ‘குப்பை கொட்டுதல்’ என்று வந்தது. ‘வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளில் குப்பை கொட்டுவதைத் தடுக்க வரி விதிக்கலாம்.’ இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு என்று கேலி பேசினார்கள். எனக்கென்னவோ பயிற்சி முழுவதிலும் உண்மைக்கு மிக அருகில் வந்த வாக்கியம் அதுதான் என்று படுகிறது.

வினாடி வினாவுக்கு வருவோம். ஐயத்துக்கு இடமில்லாத கேள்விகள். உலகமயமாதல் என்ற சொல்லை அறிமுகப்படுத்தியவர் யார்? தியோடர் லெவிட். அவர் 1983-ல் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதிப் பரப்பியவர். அதற்கு இருபது வருடம் முன்பே அது ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. ஆனால் ஒரு மதிப்பெண் என்பது ஒரு மதிப்பெண். அடுத்தது, நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு எது? உலக வர்த்தக அமைப்பு. சரியான விடை, பச்சை நிறத்தில் மின்னியது. அந்த அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால், 2019 டிசம்பரிலிருந்து அங்கே வழக்குக் கேட்கப் போதிய ஆளே இல்லை. கீழே தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். இந்த விவரத்தைச் சேர்த்து எங்களைக் குழப்பாமல் விட்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். விடை பச்சையாக மின்னும்போது தகராறு தீர்ந்துவிட்டதாகத்தானே அர்த்தம்.

கேள்விகளுக்கு நாங்கள் தனித்தனியாக அல்லாடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிங்க் வந்த ஒன்றரை மணி நேரத்தில் விடைத்தாள் பிடிஎஃப் வந்துவிட்டது. வேறு மாவட்டத்திலிருந்து, சுங்கவரி இல்லாமல், எந்த எல்லையிலும் நிற்காமல் வந்து சேர்ந்தது. தடையற்ற வர்த்தகம் எவ்வளவு வேகமாக எல்லோருக்கும் நன்மை செய்யும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நான் மட்டும் வீம்புக்கு முன்தேர்வைச் சொந்தமாக எழுதினேன். பத்துக்கு எட்டு. பயிற்சி முடிந்ததும் பின்தேர்வையும் சொந்தமாக எழுதினேன். பத்துக்கு ஏழு. உடனே திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. ‘வாழ்த்துகள்! உங்கள் கற்றல் மேம்பட்டுள்ளது!’ எட்டிலிருந்து ஏழுக்கு மேம்படுவது எப்படி என்று முதலில் திகைத்தேன். பிறகு புரிந்தது. பயிற்சிக்கு முன் எனக்குத் தெரிந்திருந்த தேவையில்லாத ஒன்றை அது கழித்துவிட்டிருக்கிறது.

பயிற்சி எதையெல்லாம் சொல்லாமல் விட்டது என்று பார்த்தால் அதைத் தயாரித்தவர்களின் நாகரிகம் விளங்கும். எங்கள் ஊரில் வயதானவர்கள் காலத்தை ‘கோட்டாவுக்கு முன்னே, கோட்டாவுக்குப் பின்னே’ என்று பிரித்துப் பேசுவார்கள். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா முறை 2004-உடன் முடிந்தது. அந்த வருடங்களில் வங்கிக் கடன் வாங்கி மெஷின் இறக்கியவர்களில் சிலர் இன்று பெரிய கேட்டுக்குள் இருக்கிறார்கள், சிலர் அதே கேட்டில் காவலுக்கு நிற்கிறார்கள். இதைச் சொன்னால் ஆசிரியர்களுக்கு வீண் மனச்சுமை. வங்கதேசத்துச் சட்டைக்கு ஐரோப்பாவில் 2001 முதல் சுங்கவரி கிடையாது என்பதையும், அதனால் நம் ஊருக்கு வர வேண்டிய ஆர்டர் எப்படித் திசைமாறும் என்பதையும் சொல்லவில்லை. நொய்யலைப் பற்றிச் சொல்லியிருந்தால் இன்னும் சங்கடம். சாயக்கழிவு கலந்து ஆறு நிறம் மாறியதும், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் பொருளியலில் ‘புறவிளைவு’ என்ற ஒரு சொல்லுக்குள் வரும். பயிற்சியிலும் வந்தது. பாதகங்கள் என்ற தலைப்பில் ஐந்தாவது புள்ளியாக, ‘சுற்றுச்சூழல் ஓரளவு பாதிக்கப்படலாம்’ என்று. இதை நான் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து நொய்யல் நான்கு கிலோமீட்டர். ‘பாதிக்கப்படலாம்’ என்று எதிர்காலத்தில் சொன்ன அந்த நம்பிக்கை என்னை நெகிழ வைத்தது.

அதைவிடப் பெரிய பெருந்தன்மை ஒன்று உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் டீக்கடை, பஸ், கோயில் வாசல் எங்கும் அதே பேச்சு. வெட்டி வைத்த துணி கட்டுக்கட்டாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் நின்றது. சில இடங்களில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. அதே செப்டம்பரில், அதே ஊரில், உலகமயமாதலும் வர்த்தகமும் என்ற தலைப்பில் நான்கு மணி நேரம் பேசிய பயிற்சி இந்த வரியைப் பற்றி ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. தெருவில் வீடு பற்றி எரியும்போது தீயின் வேதியியலைப் பதற்றமில்லாமல் நடத்தும் மன உறுதி எல்லோருக்கும் வாய்க்காது.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பயிற்சி முடித்த பிறகும் அதை விட முடியவில்லை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். ஏற்றுமதியில் தள்ளுபடியான, மிஞ்சிப்போன பனியன்கள் அங்கே குவியலாக விற்கும். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது டேக் கிழிக்காத ஒரு டீ-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். இந்த வருடம் கிடைத்தது பாசிப்பச்சை நிறம். நான் கொடுத்தது 120 ரூபாய். டேக்கில் அச்சிட்டிருந்தது 14.99 யூரோ. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,500 ரூபாய்.

அதை மேசையில் விரித்துப் போட்டு, “இதுல யார் யார் கை பட்டிருக்கு, சொல்லுங்க” என்றேன். அவ்வளவுதான், அதற்குமேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

“நிட்டிங்ல எங்க மாமா இருக்காருங்க சார்.” “இந்தக் கலர் டையிங்ல ரெண்டு தடவ போட்டாத்தானுங்க வரும்.” கட்டிங், பிரிண்டிங், ஷோல்டர் ஜாயிண்ட், கழுத்து ரிப். “கைக்கு ஓவர்லாக், கீழ மடிப்புக்குப் பேட்லாக், ரெண்டும் வேற வேற ஆளுங்க.” கைமடிப்பவர் என்று ஒருவர் இருப்பதையே நான் மறந்திருந்தேன், ஒரு பெண் நினைவூட்டினாள். அவளுடைய அக்கா அந்த வேலைதான் பார்க்கிறாளாம். பிசிர் வெட்டுகிறவர், செக்கிங், அயர்ன், டேக் கட்டுகிறவர், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர், தூத்துக்குடிக்கு லாரி ஓட்டுகிறவர். 23 வரை எண்ணினோம், மணி அடித்துவிட்டது. ஆடம் ஸ்மித் 1776-ல் குண்டூசி செய்வதில் 18 வேலைகள் இருப்பதாக எழுதி உலகப் புகழ் பெற்றார். பாவம், அவருக்கு எங்கள் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு கிடைக்கவில்லை.

மறுநாள் கூலிக் கணக்கு. வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். சில வேலைக்குப் பைசாக் கணக்கு, சில வேலைக்கு ஷிப்ட் கணக்கு. கரும்பலகையில் எல்லாவற்றையும் கூட்டினோம். நூல் விலையை ஒருவன் தொலைபேசியில் தன் சித்தப்பாவிடம் கேட்டு வந்திருந்தான். என்னதான் தாராளமாகப் போட்டாலும் கூட்டுத்தொகை 1,500-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. “மீதி எங்கீங்க சார் போச்சு?” என்று அவர்களே கேட்டார்கள். கப்பல், சுங்கம், கடை வாடகை, விளம்பரம், பிராண்டின் லாபம் என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துக் காட்டினேன். ஒடிசாவிலிருந்து ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த பையன், இன்று எங்களைவிடச் சுத்தமாகக் கொங்குத் தமிழ் பேசுகிறவன், தன் அப்பா மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தை இந்தக் கணக்கில் எந்த வரியில் எழுத வேண்டும் என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மூன்றாவது பீரியடும் போயிற்று.

பயிற்சி பெற்ற ஆசிரியன் செய்யும் காரியமா இது? நான்கு மணி நேரப் பயிற்சிக்குப் பின் ‘வகுப்பறையில் செயல்படுத்திய விவரம்’ என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘பயன்படுத்திய டிஜிட்டல் வளம்’ என்ற கட்டத்தில் காணொலி, பிபிடி, விளையாட்டுச் செயலி, பிற என்று நான்கு வாய்ப்புகள். பிற என்பதைத் தொட்டு, ‘பனியன்’ என்று எழுதினேன். லிங்க் கேட்டது. பனியனுக்கு லிங்க் இல்லை. லிங்க் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. கடைசியில் என் மகள், அவளும் பத்தாம் வகுப்பு, போனை வாங்கி எங்கிருந்தோ ஒரு பூமி உருண்டை வீடியோவின் லிங்கை ஒட்டி அனுப்பிவிட்டாள். படிவம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. ஆக, அரசுப் பதிவேட்டின்படி எங்கள் பள்ளியில் உலகமயமாதல் பாடம் ஒரு பூமி உருண்டையால் நடத்தப்பட்டிருக்கிறது. 23 வேலைகளும் நடக்கவில்லை.

வகுப்பில் முன்வரிசையில் ஒரு பெண். அவள் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. அந்த மூன்று பீரியடும் பேசாமல் இருந்தவள், கடைசியில் எழுந்து, “அமெரிக்காக்காரரு வரி போட்டா அந்த ஊர்க்காரங்கதானுங்க சார் கட்டணும்? எங்கம்மாவுக்கு ஏனுங்க சார் ஷிப்ட் குறையுது?” என்று கேட்டாள். வரியை முதலில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர் என்பதில் ஆரம்பித்து, அவர் அதைத் தன் ஊரில் விலையை ஏற்றிச் சமாளிப்பாரா, இங்கே விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவாரா, ஆர்டரையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோவாரா, ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சொன்னது எனக்கே போதவில்லை. பயிற்சிச் செயலியில் ‘உங்கள் ஐயங்களை இங்கே பதிவிடுக’ என்று ஒரு பெட்டி இருந்தது நினைவுக்கு வந்தது. அன்று இரவு அவளுடைய கேள்வியை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். இரண்டு நொடியில் பதில் வந்தது. ‘உங்கள் கருத்துக்கு நன்றி. இந்தப் பயிற்சிக்கு எத்தனை நட்சத்திரம் வழங்குவீர்கள்?’

ஐந்தும் கொடுத்தேன். இவ்வளவு விரைவாகப் பதில் சொன்ன பொருளியல் அறிஞரை நான் கண்டதில்லை.

சான்றிதழ் மறுநாளே வந்துவிட்டது. மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து, மூலையில் ஒரு கியூஆர் கட்டம், தங்க நிறக் கரை. பயிற்சி முடித்தவர்களின் சான்றிதழை வருகிறவர்கள் பார்வைக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினார். 80 ரூபாய் கொடுத்துச் சட்டம் போட்டு ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டினேன். பயிற்சியைத் தயாரித்தவர்கள், மேற்பார்வையிட்டவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், வாட்ஸப்பில் கைதட்டியவர்கள், தலைமையாசிரியர், நான் என்று எத்தனையோ பேர் பார்வையைக் கடந்து வந்த சான்றிதழ் அது.

காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட அந்தப் பெண்ணின் அம்மா ஒரு புதன்கிழமை வந்தார். வேலை நாளில் வரமாட்டாரே என்று கேட்டதற்கு, “இன்னிக்குக் கம்பெனி லீவு உட்டுட்டாங்க சார்” என்றார். நான் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்ததாகத் தெரியவில்லை. துணியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக அவர் கண் இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. கண்ணாடியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

“இங்க ஒரு டேமேஜ் இருக்குதுங்க சார்.”

எழுந்து போய்ப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ‘சமூக அறவியல் ஆசிரியர்’ என்று இருந்தது.

“றி-க்கு மேல கொக்கி உட்டுப் போச்சுங்க,” என்றார். “இதையெப்புடிங்க பாஸ் பண்ணாங்க?”